கிறித்தவத் தமிழில் நன்றியும் துதியும்: திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரப் பின்புலத்தில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தென்தமிழகக் கிறித்தவர்களின் அன்றாடப் பேச்சில் 'ஸ்தோத்திரம்' என்னும் சொல் நன்றியையும் துதியையும் ஒருங்கே குறிக்கிறது. வடமொழியில் புகழ்ச்சிப் பாடலை மட்டும் குறித்த இச்சொல், விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாக நன்றிப்பொருளையும் ஏற்றது. இப்பொருள் விரிவு எவ்வாறு நேர்ந்தது, தமிழின் பழைய நன்றியறிதல் கருத்தோடும் திருவில்லிபுத்தூரின் போற்றி மரபோடும் அது எவ்வாறு உறவு கொள்கிறது, வீட்டிலும் சபையிலும் அது எத்தகைய வழக்கங்களாக நிலைபெற்றுள்ளது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எல்லா நிலையிலும் நன்றி கூறுதல் என்னும் அறிவுறுத்தல் துன்பத்தையும் அநீதியையும் மறைக்கும் திரையாக மாறக்கூடுமா என்ற வினாவும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நன்றி, துதி, ஸ்தோத்திரம், பல்லாண்டு, பிடியரிசி, அசனம், புலம்பல், கிறித்தவத் தமிழ்.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊர் என்பதால் திருவில்லிபுத்தூர் வைணவ உலகில் சிறப்பிடம் பெறுகிறது. இதே நிலப்பரப்பில்தான் 1854 முதல் தாமஸ் ராக்லண்ட் என்பவர் தம் தோழர்களான டேவிட் ஃபென், மெடோஸ் ஆகியோருடன் கூடாரங்களில் தங்கி, ஊர் ஊராகச் சென்று நற்செய்திப் பணியாற்றினார். தெற்குத் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து வந்து அப்பணியில் துணைநின்றனர். ராக்லண்ட் 1858இல் சிவகாசியில் மறைந்தார்.

இவ்வாறு, போற்றிப் பாடும் மரபு ஆழ வேரூன்றிய மண்ணில் கிறித்தவத் துதிமரபும் வந்து சேர்ந்தது. இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, கிறித்தவ வாழ்வில் நன்றியும் துதியும் பெறும் பொருள் தெளிவாகிறது. நன்றி ஓர் உணர்வு மட்டும்தானா, அன்றிப் பயிற்சியால் வளரும் பண்பா? துதியும் நன்றியும் ஒன்றா, வேறா? துன்புறுவோனிடம் நன்றி கூறுமாறு சொல்வது எந்த அளவில் தகும்? இம்மூன்று வினாக்களையும் அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

நன்றி: பழந்தமிழ்ப் பொருள்

இன்று 'நன்றி' என்பது உதவி பெற்றவர் கூறும் உபசாரச் சொல்லாக வழங்குகிறது. பழந்தமிழில் அது நன்மையையும், ஒருவர் பிறர்க்குச் செய்த நற்செயலையும் குறித்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்' எனப் பெயர் பெற்றிருப்பது இதனை உணர்த்தும். நன்றி என்பது செய்தவரிடமிருந்து வந்த நன்மை. பெற்றவரின் கடமை அதனை அறிதல். ஆகவே இங்குச் சொல்லுதல் முதன்மை பெறவில்லை. அறிதலே முதன்மை பெறுகிறது. உதவியின் அளவு, அது கிடைத்த காலம், கைம்மாறு எதிர்பாராத தன்மை ஆகியவற்றை எண்ணிப் பார்க்கும் அறிவுச்செயலாகவே வள்ளுவர் அதனைக் காண்கிறார். புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், பிற கொடுஞ்செயல்களுக்குக் கழுவாய் உண்டாயினும் செய்ந்நன்றி சிதைத்தவர்க்கு உய்வில்லை என்னும் அறத்தை நினைவூட்டுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இப்பொருளைத் தமிழ் விவிலியமும் பேணியுள்ளது. 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் பெயரால் அறியப்படும் திருத்திய மொழிபெயர்ப்பு இன்றளவும் சீர்திருத்தச் சபைகளில் வழக்கில் உள்ளது. அதில் மனிதரின் மனப்பாங்கைச் சுட்டும் இடங்களில் 'நன்றியறிதல்' என்ற தொடரே ஆளப்பட்டுள்ளது. கொலோசெயர் 3:15இல் சபையார் பெற்றிருக்க வேண்டிய பண்பாக அது கூறப்படுகிறது. 2 தீமோத்தேயு 3:2இலும் லூக்கா 6:35இலும் அதன் எதிர்மறை வடிவம் இடம்பெறுகிறது. அம்மனப்பாங்கு கடவுளை நோக்கிய செயலாக வெளிப்படும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் வேறொரு சொல்லைத் தேர்ந்தனர். அச்சொல்லே ஸ்தோத்திரம்.

ஸ்தோத்திரம்: ஒரு சொல்லின் பொருள் விரிவு

வடமொழியில் 'ஸ்து' என்னும் வேரடியாகப் பிறந்த ஸ்தோத்திரம் புகழ்மொழியையும் புகழ்ப்பாடலையும் குறிக்கும். 'துதி' என்பதும் அதே வேரினது. நன்றி கூறுதல் என்பது அவ்வேரின் நேர்ப்பொருள் அன்று. ஆனால் தமிழ் விவிலியத்தில் இச்சொல் குறைந்தது மூன்று மூலச் சொற்களின் சுமையை ஏற்றுள்ளது.

முதலாவது, நன்றி கூறுதலைக் குறிக்கும் 'யூக்கரிஸ்தேயோ' என்னும் கிரேக்க வினை. 1 தெசலோனிக்கேயர் 5:18, எபேசியர் 5:20 ஆகிய இடங்களில் இவ்வினை ஸ்தோத்திரம் என்றே பெயர்க்கப்பட்டுள்ளது. குணமடைந்த பத்துத் தொழுநோயாளருள் திரும்பிவந்த சமாரியன் செய்ததும் (லூக்கா 17:16), இயேசு தம் இறுதி இராவுணவில் அப்பத்தை எடுத்துச் செய்ததும் (1 கொரிந்தியர் 11:24) அச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன.

இரண்டாவது, 'பாரக்' என்னும் எபிரேய வினை. இதன் பொருள் ஆசி கூறுதல். கடவுள் மனிதனை ஆசீர்வதிக்கும் இடத்தும் மனிதன் கடவுளை வாழ்த்தும் இடத்தும் எபிரேயம் இவ்வொரே வினையை ஆள்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு இதனை இரண்டாகப் பிரித்தது. மனிதன் செயப்படுபொருளாக வரின் 'ஆசீர்வதி' என்றும், கடவுள் செயப்படுபொருளாக வரின் 'ஸ்தோத்திரி' என்றும் பெரும்பாலும் அமைத்தது. சங்கீதம் 34, 103 ஆகியவற்றின் தொடக்கங்கள் இதற்குச் சான்று.

மூன்றாவது, 'தோதா' என்னும் எபிரேயப் பெயர்ச்சொல். இது நன்றிப் பலியையும் நன்றிப் பாடலையும் ஒருசேரக் குறிக்கும். லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தில் இது 'ஸ்தோத்திரபலி' ஆயிற்று. எபிரேயர் 13:15இல் அப்பலி உதடுகளின் கனியாக உருவகப்படுத்தப்படுகிறது. தோதாவின் வினைவடிவமான 'யாதா', அறிக்கையிடுதல், நன்றி கூறுதல், புகழ்தல் என்னும் பொருள்களை உடையது. சங்கீதம் 136இன் தொடக்கத்தில் இதுவே 'துதி' என வந்துள்ளது. கணவனால் விரும்பப்படாத லேயாள் தன் நான்காம் மகனுக்கு யூதா எனப் பெயரிட்டதும் (ஆதியாகமம் 29:35) இவ்வினையோடு இயைத்தே விளக்கப்படுகிறது.

இதனால் ஓர் உண்மை புலனாகிறது. நன்றியும் துதியும் பொருளளவில் வேறுபட்டவை. நன்றி பெற்றதை நோக்கும்; துதி தந்தவரின் இயல்பை நோக்கும். முன்னதற்குக் காரணம் ஒரு நிகழ்ச்சி. பின்னதற்குக் காரணம் ஒரு பண்பு. எனினும் தமிழ்க் கிறித்தவர் இரண்டையும் ஒரே சொல்லால் கூறுவதால், அவர்தம் பேச்சில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது இயல்பாகிறது. மழை பெய்தமைக்கு ஸ்தோத்திரம் என்போர் மழைக்கு நன்றி கூறுகின்றனர். அதே மூச்சில் மழை தருபவரைப் புகழவும் செய்கின்றனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1 தெசலோனிக்கேயர் 5:18இல் 'நன்றி' என்னும் சொல்லை ஆண்டது. அதனால் பொருள் தெளிவு கூடியது. ஆயினும் பழைய சொல்லில் இருந்த இரட்டைப் பொருள் அங்கு இல்லை. இரு மொழிபெயர்ப்புகளையும் இணைத்துப் படிப்போர்க்கே இவ்வேறுபாடு விளங்கும்.

திருவில்லிபுத்தூரின் போற்றி மரபும் கிறித்தவத் துதியும்

கடவுளை மனிதன் வாழ்த்துவது எங்ஙனம் பொருந்தும் என்பது 'பாரக்' என்னும் வினை எழுப்பும் வினா. குறையற்றவர்க்கு ஆசி எதற்கு? இதே வினா திருவில்லிபுத்தூர் மரபிலும் எழுந்துள்ளது. நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் தொடக்கமாக அமைவது பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு. அதன் 12 பாசுரங்களும் திருமாலை நீடு வாழ்கவென வாழ்த்துகின்றன. மதுரையில் பாண்டியன் அவையில் பொற்கிழி பெற்று யானைமீது உலா வந்தபோது, காட்சி தந்த இறைவனுக்குக் கண்ணேறு நேருமோ என அஞ்சி ஆழ்வார் பாடினார் என்பது வைணவ மரபுரை. அன்பின் மிகுதியால் காப்பவனையே காக்க விழையும் இந்நிலையை வைணவ ஆசிரியர்கள் மங்களாசாசனம் எனப் போற்றினர். தமக்குக் கிடைத்த சிறப்பின் நடுவிலும் தம்மை நோக்காமல் இறைவனை நோக்கிய நிலை இது. நன்றி துதியாக முதிரும் இடம் இதுவே எனலாம்.

ஆண்டாளின் திருப்பாவை 30 பாசுரங்களைக் கொண்டது. அதன் 24ஆம் பாசுரம் ஆறு 'போற்றி'களை அடுக்கி இறைவனின் செயல்களையும் பண்புகளையும் நினைவுகூர்கிறது. நோன்புக்கான பறையைக் கேட்டுத் தொடங்கும் பாடல் வரிசை, இறுதியில் என்றும் நீங்காத தொண்டினை வேண்டி நிற்கிறது. பெறும் பொருளிலிருந்து தருபவரிடம் மனம் செல்லும் இந்நகர்வு கிறித்தவத் துதியின் உள்ளமைப்போடும் ஒப்புமை உடையது. எனினும் வேறுபாடும் உண்டு. பல்லாண்டு இறைவனின் நலத்தை விழைகிறது. விவிலியத் துதி பெரும்பாலும் வரலாற்றில் நிகழ்ந்த மீட்பை எண்ணிச் சொல்கிறது. சங்கீதம் 136 படைப்பிலிருந்து விடுதலைப் பயணம் வரை நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவது இதற்கு எடுத்துக்காட்டு.

இவ்விரு மரபுகளின் சந்திப்பை எச்.ஏ. கிருட்டிணபிள்ளையிடம் (1827–1900) காணலாம். திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, வைணவ இலக்கியத்தில் பயிற்சி பெற்ற அவர் 1858இல் திருமுழுக்குப் பெற்றார். அவர் இயற்றிய 'போற்றித் திருவகவல்', மாணிக்கவாசகரின் நூற்பகுதியை நினைவூட்டும் தலைப்பையும் யாப்பையும் கொண்டது. 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியனின் உருவகக் கதையைத் தழுவிய காப்பியம். அதன் கதைப்போக்கின் இடையிடையே தேவாரம் எனப் பெயரிய இசைப்பாடல்கள் அமைந்துள்ளன. பயணி தன் வழியில் இளைப்பாறும் இடங்களிலெல்லாம் துதி பிறக்கிறது. துதி பயணத்தின் முடிவில் மட்டும் பாடப்படுவதன்று. நடக்கும்போதே பாடப்படுவது என்னும் கருத்தை இவ்வமைப்பே உணர்த்துகிறது.

அன்றாட வழக்கங்களில் நன்றி

ஒரு பண்பு நிலைபெறுவதற்கு எண்ணம் மட்டும் போதாது. உடல் பழகிய செயல்களும் வேண்டும். தென்தமிழகச் சீர்திருத்தச் சபையினரிடம் அத்தகைய செயல்கள் பல உள்ளன. விழித்தவுடன் கூறும் சிறு ஜெபம், உணவுக்கு முன் தலைகுனிதல், மாலையில் பாட்டும் வேதவாசிப்பும் கொண்ட குடும்ப ஜெபம், புதுவீடு புகுதல், பிறந்தநாள், தேர்வில் வெற்றி, நோய் நீங்குதல் ஆகியவற்றையொட்டிய ஸ்தோத்திர ஜெபம் என இவை விரிகின்றன. ஆலயத்தில் படைக்கப்படும் ஸ்தோத்திரக் காணிக்கையோடு அதற்கான காரணமும் சபையில் அறிவிக்கப்படுவதுண்டு. தேவசகாயம், கிருபை போன்ற ஆட்பெயர்களும் பெற்ற நன்மையை வாழ்நாள் முழுதும் அறிவித்து நிற்பவை.

இவற்றுள் தனித்து நோக்கத்தக்கது பிடியரிசி. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவதும், சேர்ந்ததைச் சபைக்குப் படைப்பதும் இவ்வழக்கம். இது கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை பிடியரிசி தண்டியே வளர்க்கப்பட்டது என்பது இம்மாவட்ட வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. பிடியரிசியின் சிறப்பு அதன் அளவில் இல்லை. அது எடுக்கப்படும் நேரத்தில் உள்ளது. உண்ட பின் எஞ்சியதிலிருந்து அன்றி, சமைப்பதற்கு முன்னரே அது எடுக்கப்படுகிறது. நாள்தோறும் அடுப்படியில் நிகழும் இச்செயலைச் செய்பவர் பெரும்பாலும் பெண்களே. ஆகவே நன்றியறிதலின் முதல் ஆசிரியர்களாக இவ்வீடுகளில் விளங்குவோர் அவர்களே எனலாம்.

வீட்டில் பிடியரிசியாகத் தொடங்குவது சபையில் அறுப்பின் பண்டிகையாகவும் ஸ்தோத்திரப் பண்டிகையாகவும் விரிகிறது. நெல், வாழைத்தார், காய்கறி, முட்டை, கோழி, ஆடு எனத் தத்தம் விளைவின் முதற்பலனை மக்கள் ஆலயத்திற்குக் கொணர்கின்றனர். பின்னர் அவை ஏலம் விடப்படுகின்றன. ஒரு முட்டையோ ஓர் எலுமிச்சையோ சந்தை விலையைப் பன்மடங்கு கடந்து ஏலம் போவதுண்டு. வெறும் வணிகக் கண்ணுக்கு இது பொருளற்றதாகத் தோன்றும். ஆனால் படைக்கப்பட்ட பொருள் தன் சந்தை மதிப்பை இழந்து நன்றியின் மதிப்பைப் பெறுகிறது என்பதே இதன் உட்பொருள்.

இப்பண்டிகைகளையொட்டி நிகழும் பொது உணவு 'அசனம்' எனப்படும். உபாகமம் 26ஆம் அதிகாரம் இவ்வமைப்புக்குரிய விவிலிய அடிப்படையைத் தருகிறது. உழவன் முதற்பலனைக் கூடையில் கொணர்ந்து, தன் முன்னோர் எகிப்தில் பட்ட அடிமைத்துன்பத்தையும் பெற்ற விடுதலையையும் வாய்விட்டு அறிக்கையிட வேண்டும். பின்னர் லேவியனோடும் அயல்நாட்டானோடும் கூடி மகிழ வேண்டும். அடுத்த பகுதி அயலான், திக்கற்றவன், விதவை ஆகியோர்க்குரிய பங்கினை வலியுறுத்துகிறது. நன்றி, நினைவு, பகிர்வு ஆகிய மூன்றும் இங்குப் பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளன. சாதி அடிப்படையில் உடனுண்ணல் மறுக்கப்பட்ட சமூகத்தில், ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது வெறும் விருந்து ஆகாது. அசனப் பந்தியில் எவரேனும் விலக்கி அமர்த்தப்படின், அங்குப் பாடப்பட்ட துதி தன் பொருளை இழக்கும்.

கண்மாய்ப் பாசன வேளாண்மையோடு இயைந்த இவ்வழக்கங்கள் இன்று வேறொரு பொருளியல் சூழலில் தொடர்கின்றன. 1936இல் இராசபாளையம் மில் நிறுவப்பட்டது முதல் நூற்பாலைத் தொழில் இந்நகரின் முகத்தை மாற்றியது. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. அறுவடைக்குப் பருவம் உண்டு. சம்பளத்திற்கு மாதக் கணக்கே உண்டு. வாழைத்தார் சுமந்து வந்த கைகள் காணிக்கை உறையை ஏந்துகின்றன. விளைச்சலில் மழையையும் மண்ணையும் காண்பது எளிது. சம்பளத்தில் மனிதன் காண்பது பெரும்பாலும் தன் உழைப்பையே. எனவே ஆலைத் தொழிலாளியின் நன்றியறிதலுக்குப் புதிய வடிவங்கள் தேவைப்படுகின்றன. உடல்நலம், உடன் உழைப்போர், ஓய்வுநாள், பிள்ளைகளின் கல்வி என அன்றன்று பெற்றவற்றைப் பெயர்சொல்லி எண்ணுதல் அத்தகைய ஒரு வடிவம். 'அறிதல்' என்னும் பழந்தமிழ்ப் பொருள் இங்கே மீண்டும் உயிர்பெறுகிறது.

நன்றியும் புலம்பலும்

எல்லாவற்றிலும் நன்றி கூறுக என்னும் அறிவுறுத்தல் தவறாக ஆளப்படவும் கூடும். மழை பொய்த்து நிலம் தரிசான உழவனிடமும், கூலி குறைத்துத் தரப்பட்ட தொழிலாளியிடமும், வீட்டில் வன்முறைக்கு ஆளான பெண்ணிடமும் 'ஸ்தோத்திரம் சொல்லுங்கள்' எனக் கூறி வாயடைப்பது அத்தகையது. இங்கு வேற்றுமை உருபுகள் துணைசெய்கின்றன. 1 தெசலோனிக்கேயர் 5:18இன் மூலத்தில் உள்ள தொடரைத் தமிழ் மொழிபெயர்ப்பு இடப்பொருளில் 'எல்லாவற்றிலேயும்' என ஏழாம் வேற்றுமையாக அமைத்துள்ளது. எபேசியர் 5:20இல் 'எல்லாவற்றிற்காகவும்' என நான்காம் வேற்றுமைத் தொடர் வருகிறது. முன்னது சூழலைக் குறிக்கும். பின்னது காரணத்தைக் குறிக்கும். துன்பத்தின் நடுவில் நன்றி கூறுதல் வேறு. துன்பத்திற்காகவே நன்றி கூறுதல் வேறு. எபேசியர் பகுதி, சபை கூடிப் பாடும் சூழலில் அமைந்துள்ளது. அந்நிருபத்தின் முதல் அதிகாரம் அடுக்கிக் கூறும் அருட்கொடைகளையே 'எல்லாம்' என்னும் சொல் தழுவுகிறது எனக் கொள்ள இடமுண்டு. தீமையை நன்மையெனச் சொல்லுமாறு அது பணிக்கவில்லை.

சங்கீத நூலின் அமைப்பும் இதனை உறுதிசெய்கிறது. எபிரேயத்தில் அந்நூலின் பெயர் 'துதிகள்' எனப் பொருள்படும். ஆனால் அதன் 150 பாடல்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பற் பாடல்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலின்றி இருளிலேயே முடிகிறது. அதனையும் துதிகளின் தொகுப்பில் வைத்தோர், கடவுளிடம் முறையிடுதலும் அவரை மதித்தலே என உணர்ந்திருத்தல் வேண்டும். யோபு தன் இழப்பின் தொடக்கத்தில் கடவுளின் பெயரை வாழ்த்தினான். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபித்தான். நூலின் இறுதியில், நிதானமாய்ப் பேசியவன் என ஏற்கப்படுபவன் அவனே. அறிவுரை கூறிய நண்பர்கள் அல்லர். ஆபகூக் நூலின் முடிவு, மரங்கள் காய்க்காமலும் வயல்கள் விளையாமலும் தொழுவங்கள் வெறுமையாகவும் இருக்கும் நிலையைச் சொல்லிவிட்டே மகிழ்ச்சியைக் கூறுகிறது. இல்லாமையை இல்லை எனக் கூறிய பின்னரே அங்குத் துதி எழுகிறது. வானம் பார்த்த நிலத்தோர்க்கு இந்த நேர்மை இன்றியமையாதது.

நன்றி கூறுபவரின் உள்ளமும் சோதிக்கப்பட வேண்டியதே. லூக்கா 18:11இல் பரிசேயன் தான் பிறரைப் போன்றவன் அல்லன் என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி கூறுகிறான். தமிழ் விவிலியம் அங்கும் 'ஸ்தோத்திரி' என்னும் அதே சொல்லை ஆள்கிறது. சமாரியத் தொழுநோயாளியின் வாயில் பணிவாக ஒலித்த சொல் பரிசேயன் வாயில் இறுமாப்பாக ஒலிக்கிறது. பிறருடைய வறுமையைக் கண்டு தன் வளத்திற்கு நன்றி கூறும் வழக்கம் இவ்விறுமாப்புக்கு மிக அண்மையது. மேலும், ஆமோஸ் 5ஆம் அதிகாரம் நீதி அற்ற இடத்துப் பாடல்களைக் கடவுள் வெறுப்பதாகக் கூறுகிறது. உழைப்பாளியின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுக்குமாறு உபாகமம் 24 கட்டளையிடுகிறது. நிறுத்தப்பட்ட கூலியே கூக்குரலிடும் என யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. ஆகவே உரிய கூலியைக் கேட்பது நன்றியின்மை ஆகாது. கடவுளுக்குரிய நன்றியை முதலாளியின் அநீதிக்கான ஒப்புதலாக மாற்றுவதே அச்சொல்லைச் சிதைப்பது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. தமிழில் நன்றி என்பது முதலில் அறியப்பட வேண்டிய நன்மை. பின்னரே சொல்லப்படும் மொழி. விவிலிய மொழிபெயர்ப்பு அவ்வறிதலைப் பண்பாகவும், ஸ்தோத்திரத்தைச் செயலாகவும் நிறுத்தியது. ஸ்தோத்திரம் என்னும் சொல் நன்றிப்பொருளையும் ஏற்றமையால் தமிழ்க் கிறித்தவரிடம் நன்றியும் துதியும் ஒன்றையொன்று ஈன்று வளர்கின்றன. இறைவனை வாழ்த்துதல் என்னும் எபிரேயக் கருத்துக்கு இணையான அன்புநிலை திருவில்லிபுத்தூரின் பல்லாண்டு மரபில் முன்பே உண்டு. கிருட்டிணபிள்ளையின் படைப்புகள் வைணவப் பயிற்சியும் கிறித்தவத் துதியும் ஒருங்கிணைந்ததற்குச் சான்றாகின்றன.

பிடியரிசி, முதற்பலன், அசனம் ஆகிய வழக்கங்கள் நன்றியைப் பேச்சிலிருந்து பகிர்வுக்குக் கொண்டுசெல்கின்றன. பகிர்வில் முடியாத நன்றி தற்புகழ்ச்சியாகத் திரிய வாய்ப்புண்டு. புலம்பலுக்கு இடந்தராத துதி, துன்புறுவோரை மௌனமாக்கும் கருவியாகவும் ஆகலாம். எனவே துதியோடு முறையீட்டையும், நன்றியோடு நீதியையும் இணைத்துக் கற்பிப்பதே விவிலியத்துக்கும் தமிழ் அறமரபுக்கும் இயைந்ததாகும். வட்டாரச் சபைகளின் காணிக்கைப் பதிவேடுகளையும், ஸ்தோத்திரப் பண்டிகையின் வாய்மொழி நினைவுகளையும், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் ஜெப வழக்கங்களையும் களஆய்வு வழித் தொகுப்பின், வேளாண் சமூகத்தின் நன்றிமொழி சம்பளச் சமூகத்தில் அடையும் மாற்றத்தை மேலும் விரிவாக அறியலாம்.